கோடு விழுந்த இலையும் சுருண்ட இலையும்

தக்காளி இலையில் வெள்ளைக் கோடு விழுந்தால் பயப்பட வேண்டியதில்லை. பார்க்கிறவர்களுக்குப் பெரிய நோய் மாதிரித் தெரியும், அது உண்மைதான். யாரோ சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து இலை முழுக்கக் கிறுக்கிவிட்டுப் போனது போல வளைந்து வளைந்து ஓடும். இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவில் ஒரு சின்னப் புழு தின்றுகொண்டே போன வழி அது. வயிறு நிறைந்ததும் அதுவாகக் கீழே விழுந்துவிடும். அடி இலைகளைக் கிள்ளிக் குழியில் போட்டு மூடினால் போதும், செடி தன் பாட்டுக்குக் காய்க்கும். சுருட்டை அப்படியில்லை. இலையின் ஓரம் கிண்ணம் போல மேலே மடங்கும், நரம்புகளுக்கு நடுவில் மஞ்சள் ஏறும், குருத்து குறுகிப்போகும், பூ உதிரும். அந்த வைரஸைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. சுருட்டை விழுந்த செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கி எரிப்பது ஒன்றுதான் வழி.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர் நீங்கள்தான், சுந்தரலிங்கம் ஐயா. விவசாயப் போதனாசிரியர் என்று ஒருவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, இந்த லயத்துக்கு, ஏறி வந்ததே அதுதான் முதல்தடவை. கோயில் மண்டபத்தில் பெரிய படங்களைக் கட்டித் தொங்கவிட்டு, எது கோட்டுப்புழு, எது இலைப்பேன், எது வெள்ளை ஈ என்று ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவன் நான். நீங்கள் என் முதுகில் தட்டி, "வீரய்யா, இனி இந்த லயத்துக்கு நீங்கள்தான் டொக்டர்" என்றீர்கள். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று வேறு யாரிடமாவது சொல்லலாம். உங்களிடம் முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னைத் தக்காளி வலைக்கூடாரத்துப் பக்கம் தனியாகக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

"கோட்டுப்புழுவை வைரஸ் எண்டு சொன்னியள். பிறகு மெய்யா வைரஸ் வந்தாப்போல அதை இலைப்பேன் எண்டு சொன்னியள். ஒரு பக்கமாப் பிழைச்சா மறதி எண்டு விடுவன். ரெண்டு பக்கமும் நேர் எதிராப் பிழைக்கிறதெண்டால், வீரய்யா, சரியான விடை உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

பிறகு இன்னொன்றும் கேட்டீர்கள். அதைக் கேட்கும்போது உங்கள் குரல் இறங்கிவிட்டது. அதற்குக் கடைசியில் பதில் சொல்கிறேன். என் மருமகள் நிவேதிகாவிடம் சொல்வதற்கு முன்னால் என் வாயால் ஒருதடவை கேட்கவேண்டும் என்றீர்கள். வாயால் வரவில்லை, எழுதுகிறேன். பிந்திப் பழகிய கை, மெதுவாகத்தான் ஓடும்.

எனக்கு எழுத்துச் சொல்லித்தந்தவள் நிவேதிகாதான். என் மகன் இந்திரஜித்தைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் காம்பராவுக்கு வந்தபோது எனக்குக் கைநாட்டுத்தான். லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கிற அந்த ஒற்றை அறையைத்தான் நாங்கள் காம்பரா என்போம். அவள் அடுப்புக்கு இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். விதைப் பைக்கற்றை நீட்டி, "இது என்ன எழுத்து மாமா?" என்பாள். தப்பாகச் சொன்னால் சிரிக்க மாட்டாள். பண்டாரவளை பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்ததை நான் ஒரே மூச்சில் வாசித்த அன்று, பஸ் நிற்கிற இடத்திலேயே கைதட்டினாள். "நாளைக்கு பதுளை பஸ்ஸ வாசிக்கணும்" என்றாள். நல்ல பிள்ளை. அவள் பேரில் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பகையில் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது.

அவளுக்கு ஓர் எண்ணம் இருந்தது. லயத்துக்குக் கீழே தேயிலை செத்துக் கிடந்த பழைய மலையில் தோட்ட நிர்வாகம் எங்களுக்கு மரக்கறி போட விட்டிருந்தது. அதில் அவள் தக்காளி வைத்தாள். நல்ல அறுவடை ஒன்று கைக்கு வந்துவிட்டால் பண்டாரவளையில் வாடகைக்கு ஒரு வீடு பார்ப்பது, கொழும்பில் சாமான் கடையில் நிற்கிற இந்திரஜித்தைக் கூப்பிட்டுக்கொள்வது, ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன மரக்கறிக் கடை போடுவது. என்னை விட்டுவிட்டுப் போகிற எண்ணம் இல்லை. "மாமாவுக்கு முன் பக்கத்து ரூம். வெயில் வர்ற பக்கமா பாக்கணும், நெஞ்சுக்கு நல்லது" என்று அதையும் பேசி வைத்திருந்தாள்.

வாடகை வீட்டில் வெயில் வருகிற அறை. அதில் நான் உட்கார்ந்து என்ன செய்வது?

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது, ஐயா. உங்களுக்குத் தெரிந்திருக்கும். காம்பரா ஆளுக்குச் சொந்தமில்லை, பெயருக்குச் சொந்தம். அந்த வீட்டிலிருந்து ஒரு பெயர் தோட்டத்தில் பதிந்திருக்க வேண்டும், விடிந்தால் ஒரு ஆள், வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். என் பெயர் வெட்டுப்படும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை தனேஸ்வரன் நல்ல மனிதர், முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

"வீரய்யாண்ணே, ஒங்க பேரு அடுத்த வருசத்தோட சரி. காம்பராவுக்கு ஒரு பேரு வேணும். மகன் வரமாட்டான். மருமகள எழுதிக் குடுங்க. இல்லாட்டி தொரை வேற ஆளுகளுக்குக் குடுத்துடுவாரு, நான் ஒண்ணும் பண்ண ஏலாது."

கணபதியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மேல் லயத்தில் கடைசிக் காம்பரா. பிள்ளைகள் மூன்று பேரும் வெளியே போய்விட்டார்கள், யாரும் பெயர் கொடுக்கவில்லை. ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது கதவில் வேறு பூட்டு. கேட்டதற்கு மடுல்சீமையில் இருக்கிற மகளிடம் போ என்றார்கள். போனார். ஒரு மாதத்தில் திரும்பி வந்து, தன் பழைய காம்பராவின் முன் திண்ணையில், அந்த இஸ்தோப்பில், புதிதாக வந்தவர்களின் விறகுச் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தார். அவர்கள் திட்டவில்லை. தேத்தண்ணிகூடக் கொடுத்தார்கள். அவர் அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்த விதத்தை நான் பார்த்தேன். விருந்தாளி பிடிக்கிற மாதிரி, இரண்டு கையாலும்.

நான் அந்தக் காம்பராவில் பிறந்தவன். என் அப்பா அந்தச் சுவரோரமாகத்தான் கண்ணை மூடினார். வேறு எங்கும் எனக்கு நித்திரை வராது. இது பெரிய குற்றமா?

முதல் போகத்தில் செடிகள் நன்றாக வந்தன. காய் நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டபோது ஒரு காலையில் அவள் கீழேயிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, இங்க வந்து பாருங்களேன். எலையெல்லாம் யாரோ கிறுக்குன மாதிரி கெடக்கு."

போனேன். ஓர் இலையைக் கிள்ளிச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். கோட்டின் நுனியில், இரண்டு தோலுக்கும் நடுவில், புழு படுத்திருந்தது தெரிந்தது. அடி இலைகள் சிலதில்தான் இருந்தது. குருத்தெல்லாம் பச்சைப் பசேலென்று நின்றது. என்ன சொல்லவேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. இலையை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டேன், வாய் தானாகச் சொன்னது.

"வைரஸ், தாயி."

"சேர் வகுப்புல சொன்னாருன்னு சொன்னீங்களே, அதுவா?"

"அதேதான்."

"மருந்து?"

"அதுக்கு மருந்தில்ல. புடுங்கி எரிச்சிடணும்."

அவள் செடியைப் பிடித்தபடி நின்றாள். "ரெண்டு நாளு பொறுத்துப் பாப்பமா மாமா? காய் இம்புட்டு இருக்கே."

"ஒன் இஷ்டம். ஆனா அன்னலட்சுமி வெள்ளாம பக்கத்துலதான் இருக்கு. அந்தம்மாவுக்கும் ஏறிடும். அது ஒண்டிக்கட்ட, பாவம்."

அடுத்தவர் வெள்ளாமைக்குக் கேடு வரும் என்றால் அவள் தாங்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் தன் கையாலேயே பிடுங்கிவிட்டாள். பச்சைச் செடி சீக்கிரம் பற்றாது. மண்ணெண்ணெய் ஊற்றி, ஊதி ஊதி, கண்ணெல்லாம் சிவந்துபோய் நின்றாள். புகையா அழுகையா என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நல்லவேளை நீங்க பாத்தீங்க மாமா, இல்லாட்டி லயம் பூரா நாசமாயிருக்கும்" என்றாள்.

நான் ஒரு செடியைக்கூடத் தொடவில்லை, ஐயா. அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஒன்று சொன்னால் இன்னொன்றும் சொல்லவேண்டி வருகிறது. அடுத்த வாரம் அன்னலட்சுமி ஓர் இலையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பீலிக்கு வந்தாள். மலைத் தண்ணீர் குழாயில் வந்து விழுகிற அந்த இடத்தில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். அதே வெள்ளைக் கோடு. ஒன்றுமில்லை என்று சொன்னால் நிவேதிகாவின் காதுக்குப் போகும். ஆகவே அவளையும் பிடுங்கச் சொன்னேன்.

"நல்ல எல டாக்டருதான் போங்க" என்றாள் அன்னலட்சுமி. "மனுசனுக்குக் காச்சல் வந்தாலும் புடுங்கி எரிக்கச் சொல்லுவீங்க போலயே. எனக்கு இந்த முழங்கால் வலி வேற இருக்கு. அதையும் பாத்து ஒரு முடிவச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரித்துக்கொண்டே போய்த் தன் வரிசைகளைப் பிடுங்கிப் போட்டாள்.

இத்தோடு நிவேதிகா மனம் விட்டுவிடுவாள், பெயர் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஈயும் பூச்சியும் வராமல் வலை கட்டி வளர்க்கலாம் என்று நீங்கள் வகுப்பில் சொன்னதை நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டாள். ஓடையிலிருந்து மூங்கில் வெட்டி வந்தாள். ஆடித் திருவிழாவுக்கு இந்திரஜித் வந்தபோது இரண்டு பேருமாகச் சேர்ந்து கூடாரம் போட்டார்கள். குனிந்து போனால்தான் உள்ளே நிற்கலாம், அவ்வளவு தணிவு. அவன் வலையைப் பிடிக்க, இவள் கட்ட, ஒரே சிரிப்பு. "ஒரு கொசு உள்ள வரட்டும் பாப்பம்" என்று அவன் சவால் விட்டான். லயத்தில் எல்லோரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். நாற்று நட்டு, வலையின் ஓரத்தை மண்ணில் புதைத்துவிட்டு அவன் கொழும்புக்குப் போனான்.

அந்தச் செடிகள் மாதிரி நான் பார்த்ததில்லை. ஒரு கோடுகூட இல்லை.

கொஸ்லந்தைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். அங்கே கீழே சூடு அதிகம், வெள்ளை ஈ பெருகுகிற இடம். வழியில் யாரோ கைவிட்ட தக்காளிக் கொல்லை ஒன்று கிடந்தது. எல்லாம் சுருட்டை விழுந்து குட்டையாக நின்றன. கிளையைத் தட்டினால் மாவு பறப்பதுபோல ஈ எழும்பியது. இந்தத்தடவை யோசித்துத்தான் செய்தேன், அதை மறைக்கவில்லை. நாலைந்து கிளையை மெதுவாக முறித்து, பெரிய பொலித்தீன் பைக்குள் விட்டு, காற்றோடு வாயைக் கட்டினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "என்னங்க அது, கீரையா?" என்றாள். ஆமாங்க என்றேன். எங்கள் பூனாகலைக்கு ஏறுகிற வளைவெல்லாம் பை நசுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

நிவேதிகா கடைக்குப் போயிருந்தாள். கூடாரத்துக்குள் குனிந்து போய்ப் பையை அவிழ்த்து உதறினேன். எழும்பின, சுற்றின, பிறகு ஒவ்வொன்றாக இலைக்கு அடியில் போய் உட்கார்ந்தன. வெளியே வந்து வலையின் ஓரத்தை மண்ணுக்குள் நன்றாகச் செருகிவிட்டேன். அவள் செருகுவதைவிட இறுக்கமாக. மற்றவர்கள் வெள்ளாமைக்குப் போய்விடக்கூடாது என்ற எண்ணம்தான். ஆனாலும் பிறகு போய்விட்டது. அன்னலட்சுமி மறுபடி வைத்த செடிகளும் போயின. அதற்காக நான் வருத்தப்படுகிறேன்.

கொஞ்ச நாளில் குருத்து மடங்கத் தொடங்கியது. அவள் அன்று ஓடி வரவில்லை, நடந்து வந்தாள்.

"மாமா, எல கிண்ணம் மாதிரி மேல மடங்குது. இதுதான் நெசமான வைரஸோ? சொல்லுங்க. இப்பவே புடுங்கிட்டா மழைக்கு முன்ன வேற நாத்து வச்சிடலாம்."

அவள் சொன்னது சரி. முழுக்கச் சரி. பிடுங்கி எரித்து, வலையைக் கழுவிக் காயவைத்து, வேறு நாற்று வைத்திருந்தால் அந்தப் போகமே கைக்கு வந்திருக்கும். அப்படி வந்திருந்தால் தையோடு பண்டாரவளைக்குப் புறப்பட்டுவிடுவாள், பிறகு எங்கள் கதவில் வேறு பூட்டு.

முதல்தடவை மருந்தில்லை என்று சொன்னேன், அது பொய். இந்தத்தடவை அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அது உண்மை. சொல்லவில்லை.

"வலைக்குள்ள எங்க தாயி வைரஸ் வரும்? இது எலப்பேன். மருந்தடிச்சா நிமிந்துரும்."

அவள் முகம் விடிந்ததை இப்போதும் சொல்லலாம். கண்ணை மூடி, மூச்சை விட்டு, "அப்பாடா" என்றாள்.

மருந்துக்குப் பண்டாரவளைக்கு நானே போனேன். மருந்துக்கடை ஸாஹிர் எங்களுக்கு நீண்ட நாள் பழக்கம். போத்தலைக் கையில் தருவதற்கு முன் ஒருதடவை என் முகத்தைப் பார்த்தான். "இது கொஞ்சம் கடுமையான சாமான் அண்ணே. முகத்தக் கட்டிக்கிட்டு, தெறந்த வெளியில காத்துக்கு முதுகக் காட்டித்தான் அடிக்கணும். வீட்ல புள்ளத்தாச்சி இருந்தா இந்தப் பக்கமே எடுக்க வாணாம்" என்றான். சரி என்றேன். போத்தலின் பக்கத்திலும் அதுதான் எழுதியிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எழுத்துக் கூட்டி முழுக்க வாசித்தேன்.

எனக்கு நெஞ்சில் இழுப்பு உண்டு. தூசி, மருந்து பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். "கலக்குறத நான் பாத்துக்குறேன், நீ போத்தலத் தொடாத" என்றேன். பீலியில் தண்ணீர் பிடித்து, கலக்கி, மருந்தடிக்கிற தாங்கியை மூடி அவள் முதுகில் ஏற்றிவிடுவேன். அவள் சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு கூடாரத்துக்குள் குனிந்து போவாள். வலைக்குள் காற்று ஓடாது. வெளியே வரும்போது தலைமயிரிலிருந்து சொட்டும். மாமா என் மேல் எவ்வளவு அக்கறை, போத்தலைக்கூடத் தொடவிடுவதில்லை என்று அன்னலட்சுமியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

இலை நிமிரவில்லை. நிமிராது.

"மருந்து கேக்கல மாமா."

"கொஞ்சம் கூட்டிப் போடுவம்."

கூட்டிப் போட்டோம். வாரத்துக்கு ஒருதடவை அடித்தது இரண்டாயிற்று, மூன்றாயிற்று. மழை வந்து சேர்ந்தது. தலை இடிக்கிறது என்றாள். சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போனாள். ஒருநாள் பீலியில் அன்னலட்சுமி அவளை மேலும் கீழும் பார்த்து, "ஏன்டி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? முழுகாம இருக்கியா?" என்று கேட்டாள். நான் அப்போது தாங்கியை அலசிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அப்படித்தான் இதுவரைக்கும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

கூடாரத்துக்குள்தான் அவளுக்கு வலி வந்தது. தாங்கியோடு முழங்காலில் விழுந்து கிடந்தாள். அன்னலட்சுமிதான் சத்தம் கேட்டு ஓடிவந்து வலையைக் கிழித்து இழுத்தெடுத்தாள். கத்தியைத் தேடவில்லை, கையாலேயே கிழித்தாள். லொறியில் போட்டு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த ரோட்டில் லொறி குலுங்கினபோதெல்லாம் அவள் என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது மாதம். கல்யாணம் கட்டி நாலு வருடம் கழித்து உண்டான பிள்ளை, தங்கவில்லை. மருந்தால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. என்ன அடித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். போத்தல் வீட்டில் இருக்கிறது, பெயர் நினைவில்லை என்றேன்.

இந்திரஜித் வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் என் தோளில் முகத்தை வைத்து அழுதான். "கொழும்புக்குக் கூட்டிட்டுப் போறேன்பா" என்றான். கடைக்கு மேலே ஆறு பேரோடு படுக்கிற இடத்தில் அவளை எங்கே வைப்பாய் என்று கேட்டேன். தனியாகத்தான் போனான். இப்போது அடிக்கடி பேசுவதில்லை.

அவள் தேறி எழும்பியதும் நானே ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தனேஸ்வரன் காட்டிய இடத்தில் அழகாகக் கையெழுத்து வைத்தாள். "நல்லதும்மா, காம்பரா தப்புச்சு" என்றார் அவர். திரும்பி வரும்போது, "எங்க போறது மாமா, இனி இதுதான்" என்றாள். நான் அவளுக்குக் கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அறுக்காமல் துணி சுற்றிக் கொடுத்தேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். லயத்தில் தக்காளி எல்லாம் ஒரேயடியாகப் போனது எப்படி என்று பார்க்கத்தான் வந்தீர்கள். கிழிந்த வலைக்குள் கருகிக் கிடந்த செடியைப் பார்த்ததும் சுருட்டை என்றீர்கள். அவள் போனில் பழைய படங்கள் இருந்தன. முதல் போகத்து இலையை அவள் புருஷனுக்குக் காட்டுவதற்காகப் படம் பிடித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அதை நீட்டி, "இதுவும் அதானே சேர்?" என்று கேட்டாள். நீங்கள் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டீர்களே, அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டது.

"அந்தப் பிள்ளை வயித்திலை இருந்தது உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியும், ஐயா. இந்திரஜித்துக்குத் தெரிவதற்கு முன்னமே தெரியும். ஆடி கழிந்து கொஞ்ச நாளில், பாதி வழியில் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சிரித்தாள். நான் எலுமிச்சை மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். மூன்று மாதம் முடிந்தபிறகுதான் வெளியே சொல்வது என்று வைத்திருந்தாள். சொன்னபோது முதலில் என்னிடம்தான் சொன்னாள், காலைத் தொட்டுக் கும்பிட்டு. "இந்தப் புள்ள லயத்துல பொறக்கக் கூடாது மாமா. தை பொறந்ததும் போயிடுவம்" என்றாள். அன்று சாயங்காலம் மருந்தடிக்கிற முறை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் செடியைப் பிடுங்கிவிடுவாள். பிடுங்கினால் வேறு நாற்று. அந்தப் பிள்ளை இருக்கிறவரைக்கும் அவள் விடமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பீலிக்குப் போய்த் தாங்கியை நிரப்பினேன். அன்றைக்கு ஒரு மூடி அதிகமாகவே ஊற்றினேன்.

இதுதான் நடந்தது. குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை.

இப்போது அவள் விடியற்காலையில் எழும்புகிறாள். எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போகிறாள். பேச்சுக் குறைந்துவிட்டது, ஆனால் ஒரு குறையும் வைப்பதில்லை. கூரைத் தகரத்தில் ஒழுகின இடத்தை நான் தார் பூசி அடைத்திருக்கிறேன். சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறேன். இனி யாரும் அவளை அந்தக் காம்பராவிலிருந்து எழுப்ப முடியாது. ஒரு பெண்பிள்ளைக்கு இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்? வாடகை வீட்டில் இது கிடைக்குமா?

அவளிடம் சொல்லவேண்டியது உங்கள் கடமை என்றால் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அவள் பெயர் இன்னும் நிரந்தரமாகவில்லை. சித்திரையில்தான் ஆகும் என்று தனேஸ்வரன் சொன்னார். இப்போது கேட்டால் அந்தப் பிள்ளை கோபத்தில் பெயரை வெட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடும். சித்திரை வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்காகக் கேட்கவில்லை, ஐயா. அவள் நல்லதுக்காகத்தான் கேட்கிறேன்.